உயிர்ப் பாடமும் ஊர்ப் பாடமும்

நம் நாட்டு ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் ஜீவராசிகளைப் பற்றியும், அவை எந்தெந்த இடத்தில் எப்படி வாழ்கின்றன என்பதைப் பற்றியும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டு வருகிறது. உயிருள்ளவை எவை, உயிரற்றவை எவை. மீன் தண்ணீரில் எப்படி மூச்சு விடுகிறது. ஒட்டகம் பாலைவனத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறது. எந்தப் பிராணி எதைத் தின்கிறது என்பனவெல்லாம் அதில் அடங்கும். இதைப் படியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டின பிள்ளை இன்று அநேகமாய் இராது. கேட்டால் நிறுத்தாமல் ஒப்பிக்கும். மார்க்கும் வாங்கும்.

இதே பிள்ளைக்கு இதே விஷயத்தில் வேறொரு பாடமும் நடந்து கொண்டிருக்கிறது. அது வீட்டிலும், தெருத் திண்ணையிலும், சினிமாவிலும், இப்போது கைப்பேசியிலும் நடக்கிறது. பல்லி சொன்னால் பலிக்கும், ஆந்தை அலறினால் சாவு விழும், புளிய மரத்தில் பேய் இருக்கும், பாம்பு பால் குடிக்கும், தப்பிய பாம்பு பழி வாங்கும் என்பவை அந்தப் பாடத்தின் முதல் பக்கங்கள். அதற்குப் புஸ்தகமில்லை, உபாத்தியாயரில்லை, பரீட்சையுமில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் படித்தது பரீட்சை முடிந்த மறுநாள் மறந்து போகிறது; இது மட்டும் சாகிற வரையில் மறப்பதில்லை. முதலாவதை உயிர்ப் பாடம் என்று வைத்துக் கொண்டால் இரண்டாவதை ஊர்ப் பாடம் என்று சொல்லலாம். இவ்விரண்டும் ஒரே பிள்ளையின் தலைக்குள் எப்படிக் குடியிருக்கின்றன, நெருக்கடி வந்தபோது எது எதை வெளியே தள்ளுகிறது என்பதே நாம் இன்று எழுத எடுத்துக் கொண்ட விஷயமாகும்.

இதை ஏதோ படித்தவர்கள் பொழுதுபோக்காகப் பேசுகிற கல்விச் சர்ச்சை என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். இதில் உயிர் போகிறது. 2020-ஆம் வருஷத்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கணக்கின்படி, 2000 முதல் 2019 வரையுள்ள இருபது வருஷ காலத்தில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர். அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் 15 வயது நிரம்பாத குழந்தைகள். செத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். பெரும்பாலோருக்கு உயிர் ஆஸ்பத்திரியில் போகவில்லை, வெளியில்தான் போயிருக்கிறது. சாவில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில் நடந்திருக்கிறது. ஜூன் என்பது நம் பள்ளிக்கூடங்கள் திறக்கிற மாதம் என்பதையும் சேர்த்து நினைத்துக் கொள்ள வேண்டும்.

ஒரு ரயில் கவிழ்ந்து ஐம்பது பேர் மாண்டால் மந்திரி ராஜினாமாச் செய்ய வேண்டுமென்று கூச்சல் போடுகிறோம். அது நியாயந்தான். ஆனால் வருஷா வருஷம் ஐம்பத்தெட்டாயிரம் பேர், வயலில் ஒருவரும் குடிசையில் ஒருவருமாகத் தனித்தனியே சாகிறபோது யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. “விதி முடிந்தது, பாம்பாய் வந்தது” என்று சொல்லி எடுத்துப் போட்டுவிடுகிறோம். கேட்காததற்குக் காரணம், செத்தவர்கள் கேட்க நாதியற்றவர்கள் என்பது ஒன்று. சாவுக்குக் காரணம் அறியாமை என்பதையே நாம் அறியாமல் இருப்பது மற்றொன்று.

சரி, பாம்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையின் நினைவில் தங்குவதென்ன? பாம்பு ஊர்வன இனம், உடம்பில் செதிள் உண்டு, முட்டையிடும், குளிர் ரத்தப் பிராணி. இவ்வளவுதான். இதிலும் ‘முட்டையிடும்’ என்பது எல்லாப் பாம்புக்கும் பொருந்தாது. நம் வயல்களில் அதிக உயிர்களைக் கொள்ளை கொள்ளுகிற கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. ‘குளிர் ரத்தப் பிராணி’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அதற்கு அர்த்தம் என்னவென்றால் பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ள முடியாமல் வெயிலையும் தரையையும் நம்பி வாழ்கிறது என்பதும், ஆகவேதான் அது எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்று நாம் முன்கூட்டியே ஊகிக்க முடிகிறது என்பதும் சொல்லப்படுவதில்லை. சொல்லியிருந்தால் அந்த ஒரு வார்த்தை அதன் உயிரைக் காப்பாற்றும் வார்த்தையாக ஆகியிருக்கும்.

இனி ஊர்ப் பாடத்தைப் பார்ப்போம். அது இவ்வளவு சுருக்கமானதல்ல. நல்ல பாம்பு பால் குடிக்கும் என்பது அதன் முதல் அத்தியாயம். பாம்பு தாய்ப்பால் குடித்து வளர்கிற பிராணியே அல்ல. எலியும் தவளையும் அதன் ஆகாரம். பாம்பாட்டியின் கூடையில் பல நாள் தண்ணீர் காணாமல் கிடந்த பாம்பு, தாகத்தினால் எதை வைத்தாலும் வாய் வைக்கும். அதைப் பார்த்துவிட்டு நாகசதுர்த்தியன்று ஊரிலுள்ள குழந்தைகளுக்கு இல்லாத பாலைக் கொண்டுபோய்ப் புற்றில் ஊற்றுகிறார்கள். அந்தப் புற்றும் பாம்பு கட்டியதல்ல. கறையான் கட்டியது. மண்ணைத் தோண்டிக் கட்டப் பாம்புக்குக் கையுமில்லை, காலுமில்லை.

மகுடிக்குப் பாம்பு மயங்கும் என்பது அடுத்தது. பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் கிடையாது. தரையின் அதிர்ச்சியைத் தாடையெலும்பின் வழியாக உணர்கிறது. காற்றில் வருகிற தாழ்ந்த ஓசையும் ஓரளவு அதற்கு எட்டுகிறது என்று இப்போது கண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஆடுவது புன்னாகவராளிக்கு அல்ல. தன் முகத்துக்கு நேரே ஆட்டப்படுகிற குழாயையும் கையையும் கண்டு பயந்து, அவை போகிற பக்கமெல்லாம் தானும் திரும்புகிறது. நம்மவர்கள் அதற்குச் சங்கீத ஞானம் இருப்பதாக மெச்சிக் கொள்ளுகிறார்கள்!

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தின்மேல் ஏறி, கடிபட்டவனின் பிணம் எரிகிறதா என்று சுடுகாட்டுப் பக்கம் பார்த்துக் கொண்டிருக்குமாம். இது நம் நாட்டில் கேளாத குழந்தை இல்லை. கொம்பேறி மூக்கன் விஷமில்லாத ஒல்லிப் பாம்பு. மரத்தில் ஏறுவது மரத்தில் வாழ்வதினாலும், ஓணானும் தவளையும் பிடித்துத் தின்பதினாலும். அது கடித்துச் செத்தவனே இல்லாதபோது எந்தச் சுடுகாட்டை அது பார்க்கும்?

சாரைப் பாம்பு நல்ல பாம்பின் புருஷன் என்று சொல்லி அதை அடித்துக் கொல்லுகிறார்கள். சாரை வேறு இனம், நல்ல பாம்பு வேறு இனம். நாயும் பூனையும் குடித்தனம் நடத்துமா? இரண்டு சாரைகள் பின்னி எழுந்து ஆடினால் அது கல்யாணம் என்று நினைத்து, அதன்மேல் வேட்டியைப் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் பணம் சேரும் என்று நம்புகிற ஊர்களும் உண்டு. உண்மையில் அப்படிப் பின்னுவது பெரும்பாலும் ஆணும் ஆணும் போடுகிற மல்யுத்தம். விஷமில்லாத சாரை வயலில் எலியைத் தின்று விவசாயிக்குச் சம்பளமில்லாத காவல்காரனாய் இருப்பது. அதைக் கொன்றுவிட்டு எலிப் பாஷாணம் வாங்கக் கடைக்குப் போகிறோம்.

இந்த மூடத்தனம் படியாதவர்களோடு நின்றுவிடுவதில்லை. மண்ணுளிப் பாம்பின் வால் மழுங்கலாயிருப்பதைக் கண்டு அதை ‘இருதலை’ என்று சொல்லி, அதில் ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகப் பரப்பி, லட்சக் கணக்கில் விலை பேசி ஏமாற்றுகிற கூட்டத்தைப் போலீசார் பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. ஏமாந்தவர்கள் யார் என்று பார்த்தால் பட்டதாரிகளும் வியாபாரிகளுமாக இருக்கிறார்கள். அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். இவர்களெல்லாம் ஊர்வன, முட்டையிடுவன என்று எழுதி மார்க்கு வாங்கிப் பாஸ் செய்தவர்கள்தானே!

ஆகவே குற்றம், பாடம் இல்லாததனால் அல்ல. பாடம், பிள்ளை பார்க்கிற பாம்போடும், அது படுக்கிற பாயோடும் சேராமல் இருப்பதுதான். ஒட்டகத்தையும் பனிக் கரடியையும் நம் பிள்ளை நேரில் காணப் போவது அபூர்வம். கட்டுவிரியனோடு ஒரே கூரையின் கீழ் அது படுத்துறங்குகிறது. பனிக் கரடியின் வாழிடத்தைக் கேட்டால் சொல்லுகிறது. கட்டுவிரியனின் வாழிடத்தைக் கேட்டால் விழிக்கிறது.

கேட்டுப் பார்த்தால் அந்தப் பாடம் எவ்வளவு ருசியானது! நம் நாட்டில் 300-க்கு மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. அவற்றில் மனிதனைக் கொல்லக் கூடியவை சிறு பகுதி. அதிலும் பெரும்பாலான சாவுக்குக் காரணமாயிருப்பவை நான்கே. இந்த நான்கும் நான்கு விதமான இடத்தில், நான்கு விதமான வாழ்க்கை நடத்துகின்றன. நல்ல பாம்பு வயல் வரப்பிலும் எலி வளையிலும் வைக்கோற் போரிலும் இருக்கும். எலியைத் தேடி வீட்டுக்குள் வரும். படமெடுப்பது, “கிட்டே வராதே” என்று அது கொடுக்கிற நோட்டீஸ். கண்ணாடி விரியன் புல்லிலும் புதரிலும் அறுப்பு வயலிலும் அசையாமல் கிடக்கும். மிதிக்கிற வரையில் விலகாது. கிட்டப் போனால் உரக்கச் சீறும். தடித்து, உடம்பில் வட்டமான புள்ளிகளோடு இருப்பதால் மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையால் தூக்கி மாண்டவர்களும் உண்டு. சுருட்டை விரியன் சிறியது. வறண்ட நிலம், கற்குவியல், முட்புதர் இவற்றில் இருப்பது. சுருண்டு கொண்டு செதிளோடு செதிளை உரசி ரம்பம் அறுப்பது போன்ற ஓசை செய்யும்.

கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது பகலெல்லாம் செங்கல் அடுக்கிலோ, வளையிலோ, புற்றிலோ முடங்கிக் கிடந்துவிட்டு இருட்டின பிறகு புறப்படும். மற்றப் பாம்புகளையும் எலியையும் தேடித் தின்னும். அப்படித் தேடி வருகிற வழியில் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவர்களைக் கடித்துவிடும். அதன் பல் சிறியது. கடித்த தடமும் சரியாய்த் தெரியாது, வலியும் பெரிதாய் இராது. தூங்குகிறவர்கள் விழிக்காமலே கூட இருந்துவிடுவதுண்டு. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு கண் இமை தூக்க முடியாமல் தொங்கும், நாக்குக் குழறும், கடைசியில் மூச்சு விடுகிற சதை வேலை செய்யாமல் மூச்சு நின்று போகும். இந்தக் குழந்தைக்கு வீட்டார் என்ன பேர் வைக்கிறார்கள்? அஜீரணம் என்கிறார்கள், காற்றுச் சேஷ்டை என்கிறார்கள், முனி அடித்துவிட்டது என்கிறார்கள். வேப்பிலை அடிக்க ஆள் தேடிக் கொண்டிருக்கிற நேரத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. முனியின் கணக்கில் எழுதப்பட்ட இப்படிப்பட்ட சாவுகளுக்கு அளவேது? கட்டிலும் கொசுவலையும் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். வலையை விரிப்பின் அடியில் செருகிவிட்டால் தரையில் படுத்தாலும் தப்பலாம். இதைத் தெரிந்து கொள்ள மூன்றாம் வகுப்புப் படிப்பே போதும்.

மந்திரவாதியின் விஷயத்துக்கு வருவோம். “எங்கள் ஊர் வைத்தியர் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறாரே” என்று கேட்கிறார்கள். பிழைத்தது நிஜமே. ஏன் பிழைத்தார்கள் என்பதே கேள்வி. கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுங்கடி கடித்துவிடுவதுண்டு. ஆகவே பத்துப் பேர் கடிபட்டு வந்து, அதில் ஏழு பேருக்கு விஷமே ஏறவில்லையென்று வைத்துக் கொண்டால், அந்த ஏழு பேரும் மந்திரத்தாலும் பிழைப்பார்கள்; பச்சிலையாலும் பிழைப்பார்கள்; விஷக்கல் வைத்தாலும் பிழைப்பார்கள்; சும்மா உட்கார்ந்திருந்தாலும் பிழைப்பார்கள். பிழைத்த ஏழும் மந்திரவாதியின் வரவில் ஏறுகின்றன. செத்த மூன்றும் விதியின் செலவில் எழுதப்படுகின்றன. இவ்வளவு சௌகரியமான கணக்கு வைத்துக் கொண்டால் யார்தான் நஷ்டமடைவார்கள்?

ஆஸ்பத்திரியில் இப்படி ஜோசியம் பார்ப்பதில்லை. விரியன் கடியா என்ற சந்தேகம் வந்தால், இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசையாமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையவில்லை என்றால் ரத்தத்தை உறையவொட்டாமல் செய்கிற விஷம் ஏறியிருக்கிறது என்று தெரிகிறது. இதில் மறைவில்லை, மந்திரமில்லை. யாரும் நின்று பார்க்கலாம். பிறகு கொடுக்கப்படுகிற விஷமுறிவு மருந்தும் அப்படியே. பிரெஞ்சு வைத்தியரான கால்மெட் 1890-களில் கண்ட வழியின்படி, குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமாகப் பாம்பு விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து ஊசி மருந்தாக்குகிறார்கள். நம் நாட்டு மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புக்கும் சேர்த்து வேலை செய்வது. கடிபட்டவரை ஓட விடாமல், கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்புக்கு மட்டை கட்டுவது போல் அசையாமல் வைத்து, கீறாமல், உறிஞ்சாமல், கயிறு போட்டு இறுக்காமல், 108-க்குச் சொல்லியோ கிடைத்த வண்டியிலோ சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்றே செய்யத் தக்கது. பாம்பை அடித்து எடுத்துக் கொண்டு போக வேண்டியதும் இல்லை. அப்படி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவதுதான் லாபம்.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷம் எங்கிருந்து வருகிறது என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லுகிறார்களா? இந்நாட்டு மருந்துக்காரர்கள் உபயோகிக்கிற விஷத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வந்திருப்பவர்கள் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்து ஜீவித்தவர்கள் அவர்கள். 1970-களில் சட்டம் அதைத் தடுத்தவுடன் பிழைப்பு போயிற்று. 1978-இல் ரோமுலஸ் விட்டேகர் முதலியவர்களின் உதவியோடு வடநெம்மேலியில் பாம்பு பிடிப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அவர்கள் பாம்பைப் பிடித்து, சில தடவை விஷமெடுத்துவிட்டு, திரும்பவும் காட்டிலேயே விடுகிறார்கள். தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று சொல்லுகிறவர்கள். இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-இல் அமெரிக்காவிலுள்ள புளோரிடாவுக்கு அழைத்துக் கொண்டு போனார்கள். அங்கே ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட மலைப்பாம்பு, தன் சொந்த இடத்தில் தனக்கிருந்த எதிரிகள் அங்கில்லாததனால் பெருகிப்போய், அந்தச் சதுப்பு நிலத்து முயல் முதலிய பிராணிகளைத் தின்று தீர்த்துவிட்டது. பெரிய பெரிய படிப்பாளிகளுக்குத் தட்டுப்படாத பாம்பை இவர்கள் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கொடுக்கப்பட்டது. ஒரு பிராணி தன் இடத்தில் இருந்தால் என்ன, இடம் மாறினால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது? ஆனால் நாம் என்ன செய்து வந்திருக்கிறோம்? கண்ணால் கண்டு கற்ற இருளரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். கண்ணை மூடிக்கொண்டு ஸர்ப்ப தோஷ பரிகாரம் சொல்லுகிறவரை நடுக்கூடத்தில் மணை போட்டு உட்கார வைத்தோம்.

“பாம்பைக் கும்பிடுவதனால்தானே அது அழியாமல் இருக்கிறது, இந்த நம்பிக்கையையும் கெடுத்துவிட்டால் பிராணிகள் கதி என்ன?” என்று சில பெரிய மனிதர்கள் புதிதாய்ப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கோயிற் காடு என்று பேர் வைத்ததனால் சில இடங்களில் நல்ல மரங்கள் வெட்டுப்படாமல் நிற்பது வாஸ்தவம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாம்பின் விஷயத்தில் வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுகிறவரே சனிக்கிழமை கொல்லையில் கண்ட சாரையைத் தடியால் அடித்துக் கொல்லுகிறார். கும்பிடுவதும் அடிப்பதும் ஒரே பயத்தின் இரண்டு கைகள். மயிலையும் பாம்பையும் ஒரே படத்தில் சேர்த்து வைத்துக் கற்பூரம் காட்டுகிறவர்கள், மயில் பாம்புக் குட்டியைக் கொத்தித் தின்னும் என்பதை நினைப்பதில்லை. பாம்புக்கு நன்மை செய்வது அறிவுதான். எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று தெரிந்தவன் நூற்றில் தொண்ணூறு பாம்பை விட்டுவிட்டு ஒதுங்கிப் போவான்.

இங்கே நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவில் புளிய மரத்தடியில் படுத்தவனைப் பேய் அமுக்கிவிட்டது என்று ஒருவர் சொன்னால், “பேயுமில்லை பிசாசுமில்லை, மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, அது மூச்சை அடைக்கிறது” என்று நம்மவர்கள் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். மரம் கரியமில வாயுவை விடுவது மெய். ஆனால் திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து போய்விடும். மூச்சை அடைக்கிற அளவுக்கு அங்கே சேராது. அமுக்குவது பேயுமல்ல, மரமுமல்ல. மூளை விழித்துக் கொண்டு, உடம்பின் சதை தூக்கத்திலிருந்து இன்னும் விடுபடாமல் இருக்கிற ஒரு நிலை. அது மெத்தை வீட்டில் படுத்தாலும் வரும். இதன் மறுபுறத்தில், அரச மரம் இரவிலும் பிராணவாயுவை விடுவதால்தான் முன்னோர் அதைச் சுற்றச் சொன்னார்கள் என்று விஞ்ஞான வேஷம் போட்டு ஒரு கூட்டம் பேசுகிறது. வெளிச்சமில்லாமல் எந்த மரமும் பிராணவாயுவை விடாது. ஒரு பொய்யை விரட்ட மற்றொரு பொய்யை வேலைக்கு வைத்துக் கொண்டால், அது நாளைக்குச் சம்பளம் கேட்கும்.

நிற்க, “பாம்புக்கு ஏன் கால் இல்லை?” என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன சொல்வது? ஆண்டவன் அப்படிப் படைத்தான் என்று ஊர்ப் பாடம் சொல்லும். வளைக்குள் நுழைவதற்கு வசதியாக இருக்கிறது என்று பள்ளிக்கூடம் சொல்லும். வசதியைச் சொன்னது சரி. எப்படி வந்தது என்று சொல்லவில்லையே! காலுள்ள பிராணிகளிலிருந்து லட்சக் கணக்கான தலைமுறைகளில் பாம்பு வந்தது. மலைப்பாம்பின் வாலடியில் இரு பக்கத்திலும் சின்ன முள்போல் நீட்டிக் கொண்டிருப்பது, போன காலின் மிச்சம். இதைச் சொல்லிக் கொடுக்கிற பரிணாமப் பாடத்தைத்தான், கொரோனாவை அடுத்துப் பிள்ளைகளின் பாரத்தைக் குறைப்பதாகச் சொல்லி, 2023-இல் வெளிவந்த மத்திய சர்க்கார் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புஸ்தகத்தில் இல்லாமல் செய்தார்கள். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் உபாத்தியாயர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதிலை எடுத்துவிட்டுப் பெயர்களை மட்டும் வைத்துக் கொள்வது, பாரத்தைக் குறைப்பதா, அல்லது பாரத்தை மட்டும் விட்டுவைப்பதா?

மற்றும், கடிபடுகிறவர்கள் யார் என்பதையும் மறக்கக் கூடாது. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள், இருட்டில் விளக்கில்லாமல் நடக்கிறவர்கள், கட்டிலில்லாமல் தரையில் படுக்கிறவர்கள், விறகு அடுக்குக்கும் எலி வளைக்கும் நடுவே குடியிருக்கிறவர்கள். கண்ணாடி விரியன் வருணம் பார்ப்பதில்லை. ஆனால் வருணம் பார்த்து நாம் வைத்த இடத்தில் அது வந்து கடிக்கிறது. சேற்றில் வேலை செய்கிற ஒரு சாதியாரைப் பார்த்து, தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று கட்டுப்பாடு செய்த நாடு இது. அந்தக் கட்டுப்பாட்டை மீறி நடந்தார்கள் என்பது பத்திரிகைச் செய்தியாய் வருகிற நிலைமை இந்த நூற்றாண்டிலும் இருந்ததைப் பார்த்தோம். செருப்பும், கைவிளக்கும், கொசுவலையும் பாம்புக் கடிக்கு முதல் மருந்து என்று பாடம் சொல்லிக் கொடுக்கப் புகுந்தால், அவை ஏன் சிலரிடம் இல்லை என்பதையும் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

சர்க்கார்கள் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் சொல்ல வரவில்லை. 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைப்பதென்று 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் திட்டம் வெளியிட்டது. அவ்வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார், பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது. கணக்கு எடுத்தால் மருந்து எங்கே வேண்டுமென்று தெரியும், நல்லதே. ஆனால் மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஓடுவதா, கோடாங்கியைக் கூப்பிடுவதா என்பது வீட்டில் முடிவாகிறது. அங்கே பத்து வயதுப் பிள்ளை ஒன்று, “அப்பா, இது கட்டுவிரியனாய் இருக்கும், கண் இமை தொங்குகிறது, உடனே போக வேண்டும்” என்று சொல்லத் தெரிந்ததாக இருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அந்த ஒரு மணி நேரந்தான் உயிர்.

இதற்குப் பெரிய செலவோ புதிய சட்டமோ தேவையில்லை. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜைகளின் கடமை என்று 1976-இலேயே அரசியல் சட்டத்தில் எழுதியாகிவிட்டது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி சர்க்கார் பள்ளிகளில் பெற்றோர்களைக் கொண்ட மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். நம் வாசகர்களில் அநேகர் அதில் அங்கத்தினர்களாக இருக்கக் கூடும். அவர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியது இதுதான்: ஜீவராசிகளும் அவற்றின் இடமும் என்ற பாடத்தை உபாத்தியாயர் ஒரு நாளாவது பிள்ளைகளை வரப்புக்கும் வைக்கோற் போருக்கும் பக்கத்தில் பத்திரமாக நிறுத்தி நடத்த வேண்டும், பக்கத்தில் இருளர் போன்ற பாம்பு அறிந்தவர்கள் இருந்தால் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து நாற்காலி போட்டுப் பேசச் சொல்ல வேண்டும், வகுப்புச் சுவரில் அந்த நான்கு பாம்பின் படத்தையும், விஷமுறிவு மருந்து உள்ள கிட்டத்து ஆஸ்பத்திரியின் பேரையும், 108 என்ற நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். சுவரில் இடமில்லை என்று உபாத்தியாயர் சொன்னால், அங்கே மாட்டியிருக்கிற சரஸ்வதி படத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக் கொள்ளலாம்.